கடல் அட்டை கேன்சருக்கு மருந்தா? ஆய்வகம் சொல்வது என்ன?

சாயல்குடி பக்கம் மூக்கையூர், வாலிநோக்கத்தில் தொடங்கி ராமேஸ்வரம் வரை, 'கடல் அட்டை பறிமுதல்' என்பது பழகிப்போன செய்தி. 'சீனாவில் அதில்தான் கேன்சர் மருந்து செய்றாங்களாம்' என்ற பேச்சும் கூடவே வரும். இதில் எவ்வளவு உண்மை?

எதற்கு இவ்வளவு கிராக்கி?

சீனாவில் இதன் பெயர் 'ஹைஷென்'. கடல் ஜின்செங் என்று பொருள். உடலுக்குத் தெம்பு தரும் என்கிறது பாரம்பரிய சீன மருத்துவம். விருந்துகளில் விலை உயர்ந்த உணவும்கூட. வாங்குபவர்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

கேன்சர் பேச்சு எங்கிருந்து வந்தது?

புற்றுநோய்க் கட்டி பெரிதாக வளர, புதிய ரத்தக் குழாய்கள் வேண்டும். அவற்றைத் தடுத்தால் கட்டியைக் கட்டுப்படுத்தலாம் என்று 1971-ல் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மேன் சொன்னார். அந்த வழியில் வந்த பெவாசிசுமாப் ஊசிக்கு 2004-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. 2005-ல் சீன விஞ்ஞானிகள், பென்டாக்டா என்ற கடல் அட்டை இனத்திலிருந்து பிரித்த 'ஃபிலினாப்சைடு ஏ' என்ற சேர்மமும் ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுப்பதாகக் கண்டார்கள்.

அப்போ மருந்துதானே?

இல்லை. அந்தச் சோதனை நடந்தது செல்களிலும் எலிகளிலும்தான். பிரித்தெடுத்த ஒரு சேர்மத்தை அளந்து கொடுப்பது வேறு, காய்ந்த அட்டையை சூப் வைத்துக் குடிப்பது வேறு. மன்னார் வளைகுடாவில் வியாபாரத்துக்காக முக்கியமாகப் பிடிக்கப்பட்ட ஹோலோதுரியா ஸ்காப்ரா வேறு இனம்.

ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுப்பதும் விளையாட்டல்ல. காயம் ஆற, கர்ப்பத்தில் குழந்தை வளர அது தேவை. பெவாசிசுமாப் எடுப்பவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் அதை நிறுத்துவதும் இதனால்தான்.

பாரம்பரிய மருத்துவத்திலிருந்து மருந்தே வராதா?

வரும். சீன மூலிகை ஒன்றிலிருந்து மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினைக் கண்டறிந்த தூ யூயூ 2015-ல் நோபல் பரிசு பெற்றார். சேர்மத்தைப் பிரித்து, மனிதர்களிடம் சோதித்து நிரூபித்த பிறகே அது மருந்தானது.

சட்டம் என்ன சொல்கிறது?

2001-ல் எல்லாக் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-ல் சேர்க்கப்பட்டன. பிடித்தாலும் வைத்திருந்தாலும் சிறைத் தண்டனை வரலாம். எதிர்க்கரையான இலங்கையில் உரிமத்தோடு பிடிக்கலாம் என்பது இங்குள்ள மீனவர்களின் நீண்ட நாள் ஆதங்கம். அந்த விவாதம் நியாயமானது. ஆனால் 'கேன்சர் மருந்து' என்பதை அதற்குக் காரணமாகக் காட்ட இப்போதைக்கு ஆதாரம் இல்லை.

வீட்டில் யாராவது புற்றுநோய் சிகிச்சையில் இருந்தால், கடல் அட்டை மாத்திரையோ பொடியோ எடுப்பதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். அதை நம்பி சிகிச்சையை நிறுத்தவே கூடாது.