கரையாத கல்லும் கரையும்

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படிகிறது. அம்மா அதைச் சுரண்டிக்கொண்டிருக்க, பிள்ளை ‘சுண்ணாம்புக்கல் நீரில் கரையாது’ என்று மனப்பாடம் செய்கிறது. அடியில் படிந்ததும் அதே பொருள்தான். கரையாத கல் பாத்திரத்துக்குள் எப்படி வந்தது? ஒரு லிட்டர் தண்ணீரில் சோற்றுப்பு சுமார் 360 கிராம் கரையும். அதன் அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிரித்துவிடும். சுண்ணாம்புக்கல்லில் கால்சியமும் கார்பனேட்டும் இரட்டை மின்சுமையோடு இறுகப் பிடித்திருப்பதால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் பத்துப் பதினைந்து மில்லிகிராம் கரைந்தாலே அதிகம். ஆனால் மண்ணில் இறங்கும் மழைநீர் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. கிரெட்டேசியஸ் காலக் கடல் விட்டுப்போன கல்லை, சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் அதே கல்லை, அந்த நீர் பைகார்பனேட்டாக்கிக் கரைக்கிறது. கொதித்ததும் வாயு வெளியேற, கல் மறுபடி படிகிறது. கரையும், கரையாது என்று இரண்டே கட்டம் போட்ட அட்டவணையில் இதற்கு இடமில்லை. இந்த இரு மாவட்டப் பள்ளிகளாவது அந்த உப்பில் எலுமிச்சைச் சாறு விட்டு, நுரைப்பதைக் காட்டிப் பாடத்தைத் தொடங்கட்டும். எதில், எவ்வளவு, எந்த நிலையில் கரையும் என்று பிள்ளைகள் தாங்களே கேட்பார்கள்.