காடு யாருக்குச் சொந்தம்?

இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-ல் இமயமலை அடிவாரத்தில் அமைந்தது. வைத்த பெயரோ ஐக்கிய மாகாண கவர்னர் ஹெய்லி துரையின் பெயர்! சுதந்திரத்துக்குப் பின் அது கார்பெட் பூங்கா ஆயிற்று. பெயர் மாறியது, காட்டை ஆளும் முறை மாறியதா?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-ல் 9 காப்பகங்களோடு புலித் திட்டம் அதே கார்பெட்டில் தொடங்கியது. புலியைக் காக்க வேண்டியதுதான். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் புலிகளைச் சுட்டுக் குவித்தவர்கள் யார்? மகாராஜாக்களும் துரைமார்களும் தோல் வியாபாரிகளும்! தண்டனை யாருக்கு? தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைத்த ஆதிவாசிக்கு! பிறந்த காட்டிலேயே அவன் அத்துமீறி நுழைந்தவன் ஆனான்.

நீண்ட போராட்டத்தின் பின் 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. கிராம சபையின் சம்மதமின்றி வனவாசிகளைக் காப்பகங்களிலிருந்து அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. 2011-ல் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை பெற்றனர். அங்கே புலியும் வாழ்கிறது, மனிதனும் வாழ்கிறான்.

இருந்தும் 2019-ல், உரிமை கோரிய மனுக்கள் நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் அதே மாதம் நிறுத்தி வைத்தது.

சட்டத்தை ஏட்டில் வைத்துப் பயனில்லை. பூங்கா நிர்வாகத்தில் கிராம சபைக்கு அதிகாரம் தர வேண்டும். காட்டுக்கு வேலி போடலாம். வயிற்றுக்கு வேலி போட முடியுமா?