காலத்தின் மேல் பழி போடலாமா?

2015-இல் ஒளிபரப்பான ‘ஏஜென்ட் கார்ட்டர்’ தொடரின் கதை 1946-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடக்கிறது. போர்க்களத்தில் பேர் வாங்கிய பெக்கி கார்ட்டரை உளவு அலுவலகத்து ஆண்கள் காபி எடுத்துவரவும் கோப்புகளை அடுக்கவும் ஏவுகிறார்கள். பெண்ணுக்கு நேரும் அவமதிப்பை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய முதல் சீசனில் முக்கியப் பாத்திரங்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். இதைக் குறையாகச் சொன்னவர்களுக்கு வந்த பதில், “அந்தக் காலம் அப்படி, இன்றைய அரசியலை அன்றைய கதைக்குள் திணிக்காதீர்கள்” என்பது. வரலாற்றைத் துணைக்கு அழைக்கும் இந்த வாதத்துக்கு எதிராகத்தான் வரலாறே சாட்சி சொல்கிறது.

முதலில், அந்த ஊரில் வெள்ளையரல்லாதவர்கள் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. கறுப்பினத்தவர் பெருமளவில் வாழ்ந்த ஹார்லெம் நியூயார்க்கின் ஒரு பகுதி. கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் அதே நகரின் புரூக்ளின் பேஸ்பால் அணிக்கு ஆட இறங்கியது மறு ஆண்டே, 1947 ஏப்ரலில். ‘தெருவில் இருந்திருக்கலாம், உளவுத்துறைக்குள் ஏது?’ என்று கேட்டால், அதற்கும் விடை உண்டு. சங்கேதச் செய்திகளை உடைத்துப் படிக்க அமெரிக்க ராணுவம் வர்ஜீனியாவில் நடத்திய ஆர்லிங்டன் ஹாலில், போர்க்காலத்திலேயே கறுப்பினத்தவர் மட்டும் கொண்ட ஒரு பிரிவு இயங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய வில்லியம் காஃபி அங்கே துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தவர். பெக்கி சேர்வதாகத் தொடரே காட்டும் பிரிட்டனின் எஸ்.ஓ.ஈ. என்ற ரகசிய அமைப்பு, திப்பு சுல்தான் வழிவந்த நூர் இனாயத் கானை 1943-இல் வயர்லெஸ் இயக்குபவராகப் பிரான்ஸுக்கு அனுப்பியது. அவர் 1944-இல் நாஜிகளின் டாஹாவ் முகாமில் கொல்லப்பட்டார்.

இரண்டாவதாக, அந்த வாதம் உளவுத் தொழிலின் அடிப்படையையே மறக்கிறது. யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் ஒற்றரின் முதலீடு. சமூகம் ஏறெடுத்துப் பார்க்காதவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரில் ஜேம்ஸ் என்ற அடிமை, பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் முகாமில் பணியாளராக இருந்தபடியே 1781-இல் அமெரிக்கத் தரப்புத் தளபதி லஃபாயெட்டுக்கு ரகசியங்களைக் கடத்தினார். படைவீரராகப் போரிட்ட அடிமைகளுக்கு விடுதலை தந்த வர்ஜீனியச் சட்டம் ஒற்றருக்குப் பொருந்தவில்லை. அவர் மனுப் போட்டுக் காத்திருந்து 1787-இல்தான் விடுதலை பெற்றார். அலுவலகம் தன்னைக் கவனிக்காததையே பெக்கி ஆயுதமாக்குகிறாள் என்பதுதான் தொடரின் உயிர்நாடி. அந்த நியாயம் அவளோடு நின்றுவிடுவானேன்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறொன்று: எல்லோரும் சரிசமமாக உலவுவதாகக் காட்டினால் அன்றைய நிறவெறிக்கு வெள்ளையடித்ததாகிவிடும். உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து ஆளை நீக்குவதல்ல, ஆளோடு சேர்த்துத் தடையையும் காட்டுவது. காஃபியின் பிரிவே வெள்ளையரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டதுதான். இரண்டாம் சீசனில் இதே தொடர் அதைச் செய்தது: 1947 லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின விஞ்ஞானி ஜேசன் வில்க்ஸைக் கடைக்காரர் அவமதிக்கிறார், ஒரு விபத்துக்குப் பின் வில்க்ஸ்மேல் கம்யூனிஸ்ட் ஒற்றர் என்ற பழியும் விழுகிறது. அந்தப் பாத்திரத்தால் காலம் பொய்யாகவில்லை, துலக்கமாயிற்று. யாரைப் பற்றி எழுதுவது என்பது எழுதுகிறவரின் உரிமை என்று வாதிட்டால் அதில் நேர்மை உண்டு. தன் தேர்வைக் காலத்தின் கட்டாயம் என்று சொல்வதில் அந்த நேர்மை இல்லை.