எழ மறுக்கும் தரவுத்தளம்

மனிதன் தன் நினைவை ஏட்டில் எழுதிக் காத்த காலம் உண்டு. இன்று அந்நினைவு கணினியின் வட்டில் குடியேறிவிட்டது. மாணவர் சேர்க்கை, வருகைப் பதிவு, தேர்வு மதிப்பெண், கட்டணக் கணக்கு, உதவித்தொகைப் பட்டியல், நூலகத்து நூல்வரிசை ஆகிய அனைத்தும் தரவுத்தளம் என்னும் ஒரே கருவூலத்தில் உறைகின்றன. ஒரு நிறுவனத்தின் நினைவாற்றலே அதுதான் என்று கூறினும் மிகையாகாது.

அக்கருவூலம் ஒருநாள் திறக்க மறுத்தால் என்ன செய்வது? சேமிப்பு வட்டுகளைச் சரிவர அமைக்காமையால், மின்தடைக்குப் பின்னோ பராமரிப்புப் பணிக்குப் பின்னோ தரவுத்தளம் மீண்டும் எழாமற்போவது உலகெங்கும் நிகழ்கின்ற ஒன்று. இது கணினித் துறையார் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தி என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. அவ்வேளையில் கணினியின் முன் அமர்ந்திருப்பவர் ஒருவர், “இன்னுமா முடியவில்லை?” என்று பின்னின்று விரைவுபடுத்துவோர் பலர். அந்தப் பலருள் ஆசிரியர்களும் ஆட்சிக் குழுவினரும் அடங்குவர். அவர்தம் அவசரமே பல மீட்புப் பணிகளைக் கெடுத்துவிடுகிறது.

எழ மறுக்கும் தரவுத்தளம் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தியைக் காக்கும் பொருட்டே மறுக்கிறது. அம்மறுப்பின் காரணத்தை அறியுமுன் அதனை வலிந்து எழுப்ப முயல்வது சிறு பழுதைப் பேரிழப்பாக்கிவிடும். இதுவே இக்கட்டுரையில் நாம் நிறுவ விரும்பும் கருத்தாகும்.

சிட்டையும் பேரேடும்

வணிகம் செய்த நம் முன்னோர் கணக்கெழுதிய முறையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். கொடுக்கல் வாங்கல் நடந்தவுடன் அதனைச் சிட்டையில் குறித்துக்கொள்வர். பின்னர் அமைதியாக அமர்ந்து, சிட்டையில் உள்ளவற்றை உரிய தலைப்பின்கீழ்ப் பேரேட்டில் ஏற்றுவர். ஏற்றும்போது இடையில் விளக்கு அணைந்துவிட்டாலும் கலங்க வேண்டுவதில்லை. சிட்டை இருக்கிறது, எதுவரை ஏற்றினோம் என்னும் அடையாளமும் இருக்கிறது. அங்கிருந்து தொடரலாம்.

தரவுத்தளமும் இம்முறையிலேயே இயங்குகிறது. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்து, இன்று உலகெங்கும் கட்டணமின்றிப் பயன்படும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். எந்த மாற்றமும் முதலில் ‘ரைட் அகெட் லாக்’ எனப்படும் சிட்டையில் எழுதப்பட்டு, வட்டில் உறுதியாகச் சேர்ந்த பின்னரே ‘முடிந்தது’ என்று பயனருக்குச் சொல்லப்படும். பேரேடாகிய மூலக் கோப்புகளில் அம்மாற்றம் சற்றுப் பின்னர்ச் சென்று சேரும். ‘இதுவரை ஏற்றியாயிற்று’ என்று இடையிடையே இடப்படும் அடையாளத்திற்குச் ‘செக்பாயிண்ட்’ என்று பெயர். திடீரென நின்றுபோன தளம் மீண்டும் எழும்போது, கடைசிச் செக்பாயிண்டிலிருந்து சிட்டையை வரிவரியாகப் படித்துப் பேரேட்டை நிறைவு செய்துகொள்ளும்.

இத்தகைய மீட்பு முறைக்குத் தெளிவான இலக்கணம் வகுத்த ஆய்வுகளுள் தலைசிறந்தது 1992ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஏரீஸ்’ என்பதாகும். அதன் முதலாசிரியர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வு செய்த சி. மோகன் என்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு. தரவுத்தளம் படிக்கும் மாணவர் எவரும் அவ்வாய்வைக் கடக்காமல் மேற்செல்ல இயலாது.

வட்டு நிறைந்தால்

சேமிப்பு அமைப்பில் நேரும் பிழைகளுள் மிகவும் பொதுவான ஒன்றைக் காண்போம். சிட்டையின் பகுதிகளை வேறோர் இடத்திற்குப் படியெடுத்து அனுப்பும் ஏற்பாட்டைப் பல நிறுவனங்கள் செய்துவைப்பதுண்டு. அனுப்பும் முகவரி தவறாக அமைந்துவிட்டால் படி போய்ச் சேராது. படி சேரும்வரை அப்பகுதிகளை அழிக்கக் கூடாது என்பது தரவுத்தளத்திற்கு இடப்பட்ட கட்டளை. எனவே ஒவ்வொன்றும் 16 மெகாபைட் அளவுள்ள அப்பகுதிகள் ஆயிரக்கணக்கில் குவியும். ஒருநாள் வட்டு முழுதும் நிறையும். சிட்டையில் எழுத இடமின்றித் தளம் நின்றுவிடும். இடம் கிடைக்கும்வரை மீண்டும் எழாது.

இந்நிலையில் இழப்பு எதுவும் இல்லை என்பதே கருத்திற்கொள்ள வேண்டிய உண்மை. ‘முடிந்தது’ என்று உறுதி சொல்லப்பட்ட எந்தப் பதிவும் தொலைந்துபோகவில்லை. வட்டின் கொள்ளளவைக் கூட்டினாலோ, தொடர்பற்ற வேறு கோப்புகளை அகற்றினாலோ, சிட்டையை முழுமையாகப் பெரிய வட்டுக்கு மாற்றி வழிகாட்டி இணைப்பு இட்டாலோ, தளம் தானே எழுந்து தன் கணக்கை முடித்துக்கொள்ளும்.

ஆனால் பதற்றத்தில் நடப்பது வேறு. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று தேடுவோர் கண்ணில் சிட்டையின் உறைவிடமே முதலில் படும். முன்னாளில் அதற்குப் ‘பிஜி_எக்ஸ்லாக்’ என்று பெயர் வைத்திருந்தனர். ‘லாக்’ என்ற சொல்லைக் கண்டு, அன்றாடச் செய்திக் குறிப்புகள்தாமே என்று எண்ணி அதனை அழித்தவர்கள் உண்டு. அழித்த அக்கணமே, எழக்கூடிய தளம் எழவே இயலாத தளமாயிற்று. இந்த இடர் மீண்டும் மீண்டும் நேர்ந்தமையால், 2017 அக்டோபரில் வெளிவந்த 10ஆம் பதிப்பில் அப்பெயரையே ‘பிஜி_வால்’ என்று மாற்றினர். ஒரு சொல்லின் பொருள் மயக்கத்தால் பெருஞ்செல்வம் அழியக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? பெயரிடுதல் பொறுப்புள்ள செயல் என்பதைத் தமிழ் பயிலும் மாணவர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

எழுந்தும் பயனில்லாத எழுச்சி

எழ மறுப்பதினும் கொடியது, எழக்கூடாத இடத்தில் எழுவது. தரவுகள் தனி வட்டு ஒன்றில் இருக்கின்றன. கணினி தொடங்கும்போது அவ்வட்டு இணைக்கப்படவில்லை என்று கொள்வோம். இணைப்புக்கென ஒதுக்கிய அடைவு மட்டும் வெறுமையாக நிற்கும். அவ்வெறுமையைக் கண்டவுடன் புதிய தளத்தைத் தானாகவே உருவாக்குமாறு எவரேனும் கட்டளை எழுதி வைத்திருந்தால், தளம் நலமாக எழுந்துவிடும். ஆனால் அதனுள் ஒரு மாணவர் பெயரும் இராது. பின்னர் அவ்வட்டு வந்து இணையுமாயின் பழையதும் புதியதும் மோதிக் குழப்பம் விளையும். இதனாலேயே, வட்டு இணையும் இடத்தையே தரவின் உறைவிடமாக வைத்தல் கூடாது, அதனுள் ஓர் உள்ளடைவை அமைத்தல் வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ்கியூஎல் கையேடு அறிவுறுத்துகிறது. வட்டு இணையாதபோது உள்ளடைவும் இராது. தளம் எழ மறுக்கும். அந்த மறுப்பு நாம் விரும்பி ஏற்க வேண்டிய மறுப்பாகும்.

2018ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேறொன்றும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. வட்டில் எழுதும் முயற்சி ஒருமுறை தோற்றபின், மறுமுறை கேட்டால் ‘எழுதியாயிற்று’ என்று லினக்ஸ் இயக்கமுறை விடை தரக்கூடும் என்பது அவ்வாண்டில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் உருவாக்குநர்க்குத் தெரியவந்தது. அவ்விடையை நம்பிச் செக்பாயிண்ட் இட்டால், பேரேட்டில் ஏறாத ஒன்று ஏறியதாகவே கருதப்படும். நெடுங்காலம் எவரும் அறியாதிருந்த குறை அது. 2019 பிப்ரவரியில் வெளியிட்ட திருத்தத்தில், எழுதுதல் ஒருமுறை தோற்றாலே தளம் உடனே நின்றுவிட வேண்டும், பின்னர்ச் சிட்டையிலிருந்து மீள வேண்டும் என்று விதித்தனர். பொய்யான கணக்குடன் ஓடுவதைவிட உண்மையான கணக்கிற்காக நின்றுவிடுதல் மேல் என்று அறிந்தோர் கண்ட முடிவு இது.

கிட்லேப் தந்த பாடம்

காப்புப்படி இருக்கிறதே, அதிலிருந்து மீட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். இருந்தால் போதும். அது உண்மையிலேயே இருக்கிறதா என்பதே வினா.

கிட்லேப் என்னும் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் நாள், துணைத் தரவுத்தளத்தைச் சீர்செய்ய முயன்ற பொறியாளர் ஒருவர், தவறுதலாக முதன்மைத் தளத்தின் தரவை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் இருந்த இடத்தில், நிறுத்துவதற்குள் எஞ்சியது 4.5 ஜிகாபைட்டே. காப்புப்படிகளைத் தேடியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. தளம் 9.6ஆம் பதிப்பாக இருக்க, படியெடுக்கும் கருவி 9.2ஆம் பதிப்பாக இருந்தமையால் படிகள் உருவாகவே இல்லை. படியெடுத்தல் தோற்றதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்றடையாமல் திருப்பப்பட்டன. ஆறு மணி நேரத்திற்கு முன் வேறு தேவைக்காகத் தற்செயலாக எடுத்த படி ஒன்றே கைகொடுத்தது. அதனை மெதுவான வட்டுகளிலிருந்து திரும்பக் கொண்டுவரப் பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துப் பதிவுகள் மீளவில்லை.

அந்நிறுவனம் இதனை மறைக்கவில்லை. மீட்புப் பணியை உலகோர் காண நேரலையில் காட்டியது. குறைகளை விரிவாக எழுதி வெளியிட்டது. தனி ஒருவரைக் குற்றவாளியாக்காமல், ஐந்து காப்பு வழிகளும் ஒருசேரத் தவறியதேன் என்று ஆராய்ந்தது. குற்றம் சுமத்தும் இடத்தில் உண்மை ஒளிந்துகொள்ளும். பிழையை அச்சமின்றிச் சொல்லும் இடத்தில்தான் அடுத்த பிழை தடுக்கப்படும். நிறுவனங்களை நடத்துவோர் இதனை நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.

செய்யத்தக்க முறை

தளம் எழாதபோது செய்யத்தக்கவற்றை வரிசையாகக் கூறுவோம். முதலாவது, மீண்டும் மீண்டும் எழுப்பும் தானியங்கி ஏற்பாட்டை நிறுத்துக. இரண்டாவது, தளம் எழுதி வைத்த பிழைச் செய்தியை முழுமையாகப் படித்து எழுதிக்கொள்க. மூன்றாவது, வட்டு இணைந்துள்ளதா, இடம் உள்ளதா, கோப்புகளின் உரிமையும் அனுமதியும் சரியாக உள்ளனவா என்று பார்க்க. பழுது பல வேளைகளில் இம்மட்டிலேயே தீர்ந்துவிடும். நான்காவது, தீராவிடில், எதையும் மாற்றுமுன் சிட்டையும் பேரேடும் அடங்கிய முழு உறைவிடத்தையும் வேறு வட்டுக்குப் படியெடுக்க. இனிச் செய்யும் சோதனைகள் யாவும் அப்படியின் மேலேயே நிகழ்க.

சிட்டையைத் துடைத்துத் தளத்தை வலிந்து எழுப்பும் ‘பிஜி_ரீசெட்வால்’ என்னும் கருவியும் உண்டு. பிற வழிகள் அனைத்தும் அடைபட்ட பின்னர், இறுதியாகவே அதனைத் தொட வேண்டும். அவ்வாறு எழுந்த தளத்தில் பாதி ஏறிய கணக்குகள் இருக்கக்கூடும். ஆதலின் அதனைத் தொடர்ந்து பயன்படுத்தாது, உள்ளவற்றை உடனே வெளியே எடுத்துப் புதிய தளத்தில் ஏற்றி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தல் கடன்.

சேர்க்கையின் இறுதி நாளில், வாயிலில் மாணவரும் பெற்றோரும் காத்திருக்கையில் இத்துணை நிதானம் இயலுமா என்பது நேர்மையான வினா. இயலும். படியெடுக்கும் சில மணி நேரத்திற்குத் தாளில் எழுதி வாங்கலாம். இறுதி நாளை ஒருநாள் தள்ளி வைக்கலாம். அழிந்துபோன மதிப்பெண் பதிவை எந்த நீட்டிப்பும் மீட்டுத் தாராது. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி கணினிக்கும் பொருந்தும்.

பிறர் வாழ்வைப் பற்றிய பதிவுகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள்கள். ஒரு மாணவியின் உதவித்தொகை வரி ஒன்று தொலைந்தால் தொலைவது எண்ணன்று, அவள் படிப்பே. ஆகவே நிறுவனத் தலைவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஒருநாளை ஒதுக்கி, காப்புப்படியை வேறு கணினியில் மீட்டெடுத்துக் காட்டுமாறு கேட்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். மீட்டுப் பாராத காப்புப்படி வெறும் நம்பிக்கையே. கணினி பயிலும் மாணவச் செல்வங்கள் அப்பணியை முன்னின்று செய்யலாம். தளம் எழ மறுக்கும் நாளில், “என்ன சொல்கிறது?” என்று முதலில் கேட்கும் பொறுமையை மூத்தோரும் இளையோரும் ஒருங்கே வளர்த்துக்கொள்வோமாக.