ஜுரம் விட்டது, கிருமி விட்டதா?

ஆர்.எஸ்.புரத்தில் நம்மிடம் பாடம் கேட்க வரும் பையன் ஒருவன் சென்ற வாரம் ஒரு கேள்வி போட்டான்: "ஸார், அண்ணனுக்கு மலேரியா ஜுரம் விட்டுவிட்டது. டாக்டர் தனியாக ஒரு வேளை மாத்திரை கொடுத்திருக்கிறார். ஜுரந்தான் இல்லையே, அது எதற்கென்று அண்ணன் அலமாரியிலேயே வைத்துவிட்டான். சரிதானா?"

சரியல்ல என்றோம். காரணத்தை நேயர்களும் அறிவது நலம்.

நம் குடியானவர் சோளம் முழுவதையும் சமையலுக்குச் செலவிடுவதில்லை; ஒரு பங்கை விதைக்கென்று ஒதுக்கிவைப்பார். மலேரியாக் கிருமியும் அவ்விதமே செய்கிறது. பால்ஸிபாரம் என்னும் கொடிய இனம் சிவப்பு ரத்த அணுக்களில் புகுந்து பெருகி, சுமார் 48 மணிக்கொரு முறை அவற்றை உடைத்து வெளிவருகிறது. ஜுரம் அதனால்தான். ஆனால் ஒரு சிறு பங்கு பெருகுவதை விட்டு, ஆண் என்றும் பெண் என்றும் மாறுகிறது. இம்மாற்றத்தைத் தூண்டும் மரபணுவை விஞ்ஞானிகள் 2014-இல் கண்டறிந்தனர். இளம்பருவத்தில் இவை எலும்பு மஜ்ஜையில் ஒளிந்திருந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் பிறைச்சந்திர வடிவுடன் ரத்த ஓட்டத்தில் கலக்கின்றன. இவற்றால் ஜுரம் வராது. இவை காத்திருப்பதெல்லாம் கொசுவுக்காகத்தான்.

அனாபிலிஸ் கொசு அந்த ரத்தத்தைக் குடித்ததும், அதன் வயிற்றில் ஆண் கிருமி எட்டு நூலிழைகள் வரை வெளிவிடுகிறது. ஓர் இழை பெண்ணுடன் கூடுகிறது. பிறகு கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமி வளருகிறது. இவ்வளர்ச்சியை முதன்முதல் கண்டவர் ரொனால்டு ராஸ். 1897-இல் நம் பக்கத்து நீலகிரிக்கு வந்து, சீகூர் மலைச்சரிவில் தாமே மலேரியாவில் விழுந்தவர் அவர். அவ்வாண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் அதைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஜுரத்தைத் தணிக்கும் மருந்துகளுக்கு முதிர்ந்த பிறைகள் எளிதில் மடிவதில்லை. வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கிவிடும். அவற்றை அழிப்பதற்கே பிரைமகுவின் என்னும் அந்த ஒரு வேளை மாத்திரை. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது ஆகாது. வைத்தியர் சொன்னாலன்றி யாரும் உண்ணலாகாது.

பட்டணத்து மலேரியாக் கொசு மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுவது. தொட்டிக்கு மூடி இல்லாமல், அண்ணனின் மாத்திரையும் அலமாரியிலேயே கிடந்தால், அடுத்த வீட்டுக் குழந்தை என்ன பாவம் செய்தது?

பையன் புஸ்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினான். அன்று நாம் பாடம் நடத்தவில்லை.