பாறையை ஜல்லியாக மட்டும் பார்க்கலாமா?

(இரண்டாம் ஆண்டு சிவில் மாணவி, குத்துக்கல்வலசை)



"குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, எந்திரிச்சு ஒரு வேலையைப் பாரு" என்று வீட்டில் திட்டு வாங்காதவர் நம்மில் உண்டா? எனக்கு அந்தத் திட்டு இரட்டிப்பாகப் பொருந்தும். ஏனென்றால் என் ஊரே குத்துக்கல்வலசை! எங்கள் ஊர்ப் பேரில் கல் இருக்கிறது. பக்கத்தில் மத்தளம்பாறை, அதன் பேரில் பாறை இருக்கிறது. கல்லை அடையாளம் சொல்லி ஊருக்குப் பேர் வைத்தார்கள் நம் முன்னோர். நாமோ அந்தக் கல்லை முக்கால் இஞ்சு, ஒன்றரை இஞ்சு என்று அளவு சொல்லி லாரியில் ஏற்றுகிறோம்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். என் அப்பா கிரஷரில் வேலை பார்க்கிறார். அந்தக் கூலியில்தான் என் பீஸ் கட்டியிருக்கிறது. அம்மா சுற்றும் பீடியில்தான் டிராயிங் ஷீட்டும் மினி டிராஃப்டரும் வந்தன. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நானும் நாளைக்கு சைட்டில் நின்று "ஜல்லி ஏன் இன்னும் வரலை?" என்று போனில் சத்தம் போடப் போகிறவள்தான். ஆகவே மலையைப் பார்த்துக் கவிதை எழுதுகிற ஆள் என்று என்னை நினைக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள்தான் என் முதல் சொந்தச் சொத்து. இந்தத் திட்டம் 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கி, பிறகு எல்லோருக்குமாக ஆனது. கியர் கிடையாது. மேட்டில் ஏறும்போது செயின் கழன்றால் கை முழுக்க கிரீஸ். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாங்கள் மூன்று பேர் கிளம்பிவிடுவோம். குளக்கரை மேலேயே போய், வயல் நடுவே வண்டிப்பாதையில் இறங்கி, சுந்தரபாண்டியபுரம் பாறைகள் வரை ஒரு சவாரி. அங்கே 'அந்நியன்' படத்துக்காக 2005 வாக்கில் பெயிண்ட் அடித்த பாறை இருக்கிறது, ஊரே 'அந்நியன் பாறை' என்று சொல்லும். வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். பெயிண்டைத்தான் பார்க்கிறார்கள். பெயிண்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையை யாராவது பார்த்ததுண்டா?

நானும் பார்த்ததில்லை, போன செமஸ்டர் வரைக்கும். லேபில் அக்ரிகேட் இம்பாக்ட் டெஸ்ட் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 14 கிலோ சுத்தியல், 380 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 15 முறை விழும். பிறகு 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, எவ்வளவு தூளானது என்று கணக்கு. ரோட்டின் மேல்பரப்புக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அன்றைக்குத் தட்டில் விழுந்த அந்தச் சாம்பல் நிறத் தூளைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் சட்டைதான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் அம்மா அதை உதறும்போது இதே தூள்தான் பறக்கும். ராத்திரி அப்பா இருமுவதும் இதே தூளால்தான்.

அந்தக் கல் என்ன கல் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். நாம் சும்மா 'கருங்கல்' என்கிறோம். இதில் ஒரு வகைக்குப் பேர் சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற வெள்ளைக்காரரின் சமாதிக்கு மதராஸ் பக்கத்திலிருந்து கல் போயிருக்கிறது. தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1893-ல் அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ந்து அவர் பேரையே கல்லுக்கு வைத்துவிட்டார். நம் ஊர்க் கல்லுக்குச் செத்துப்போன துரையின் பேர்! சென்னை புனித தோமையார் மலையில் இருக்கும் அந்தப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அதே குடும்பத்துப் பாறைதான் நம் மலையிலும் கிடக்கிறது. அங்கே போர்டு, இங்கே வெடி.

இன்னும் கேளுங்கள். நம் மலைப் பாறைகள் பூமிக்குள் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவானவை. அந்தக் கடைசி வேக்காடு நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது இலங்கையும் மடகாஸ்கரும் நம்மோடு ஒட்டிக் கிடந்தன. நாம் சாமி கும்பிடப் போகிற அச்சன்கோவிலின் பேர் உலகப் புவியியல் புத்தகங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டு, கேரளப் பாறைத் தொகுதிகள் இரண்டு உரசி நெரிந்த பட்டைக்கு 'அச்சன்கோவில் ஷியர் ஸோன்' என்று பேர். சில பாறையில் செக்கச்செவேல் என்று மிளகு மாதிரி புள்ளிகள் இருக்கும், அது கார்னெட். ஆரியங்காவு கணவாயில் மலை தாழ்ந்து கிடப்பதால்தான் தென்மேற்குக் காற்று உள்ளே புகுந்து நமக்குச் சாரல் தருகிறது. 1904-ல் கொல்லத்து ரயிலும் அந்த வழியாகத்தான் வந்தது. மெயின் அருவியில் தண்ணீர் நேரே நம் தலையில் விழாமல் முதலில் பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி வருகிறதே, அது தண்ணீரே பாறையைக் குடைந்து செய்த பள்ளம். இதையெல்லாம் குற்றாலத்தில் குளிக்க வருகிற எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? நமக்கே தெரியாதே!

இப்போது மலைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் மாவட்டம் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது. பல நாட்டு வீரர்கள் வந்து தேயிலைத் தோட்டத்து மலைச்சரிவில் ஓட்டினார்கள். பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதிப் போட்டியும் அதுவே. ஒரே மலைத்தொடர், ஒரே மழை. அவர்கள் சரிவைப் பந்தயப் பாதை ஆக்கினார்கள். நம் சரிவிலிருந்து உடைத்த கல் புளியரை செக்போஸ்ட் வழியாக அவர்களுக்கு வீடு கட்டப் போகிறது.

"மலைச் சைக்கிளா? அது லட்ச ரூபாய் விளையாட்டுல்லா!" என்று நம் வகுப்பில் ஒரு அண்ணன் சிரித்தார். அவருக்கு ஒரு கதை. இந்த விளையாட்டு 1970களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைப்பக்கம் பிறந்தது. அந்தப் பையன்கள் ஓட்டியது குண்டு டயர் போட்ட பழைய சைக்கிள். மலையிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் பிரேக் ஹப் சூடேறி கிரீஸ் எல்லாம் எரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பேர் வந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் மலைச் சைக்கிள் சேர்ந்துவிட்டது. நம் அரசு சைக்கிளை விட அது ஒன்றும் பெரிய வண்டி இல்லை, அண்ணே!

என் கருத்து இதுதான். தென்காசியைச் சுற்றி, காட்டு எல்லைக்கு வெளியே, குளக்கரை, வண்டிப்பாதை, புறம்போக்குப் பாறைகள் வழியாக ஒரு சைக்கிள் பாதை குறிக்க வேண்டும். வழியில் ஒவ்வொரு பாறையருகிலும் அது என்ன கல், எத்தனை கோடி வயது என்று தமிழில் நான்கு வரி எழுதி வைக்க வேண்டும். புதிதாக ரோடு போட வேண்டாம். தார் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். சுண்ணாம்பு அடித்த கல்லை நட்டால் போதும். குத்துக்கல்லுக்கும் வேலை வந்துவிடும்! யுனெஸ்கோ இப்படிப்பட்ட இடங்களை 'ஜியோபார்க்' என்று அங்கீகரிக்கிறது. சீனாவில் நாற்பதுக்கு மேல் உண்டு. 2025 வரை இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. அது பெரிய இடத்து விஷயம், நமக்கு ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் பாதையை அளப்பது நமக்கு எட்டும். சர்வே கேம்ப் என்று வருஷா வருஷம் ஒரே கிரவுண்டை அளந்துகொண்டிருக்கிறோமே, அதற்குப் பதில் இதை அளந்தால் என்ன? பாதையின் ஏற்றம் சராசரியாகப் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மழைத்தண்ணீர் பாதையையே ஓடையாக்கிவிடும். இது காண்டூர் போடத் தெரிந்த நமக்குப் புரியாத கணக்கா?

காட்டுக்குள் பாதை வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். வனத்துறை 2024-ல் நாற்பது நடைபாதைகளை மலையேறுகிறவர்களுக்குத் திறந்தது, அது வழிகாட்டியோடு நடந்து போக. வடகரை, மேக்கரை பக்கம் யானை தோப்புக்குள் வருகிறது என்று விவசாயிகள் அழுகிறார்கள். அந்த நேரத்தில் நாம் பெல் அடித்துக்கொண்டு அதன் வீட்டுக்குள் போவது நியாயமா? சீசனில் அருவிக்கரையில் குவியும் ஷாம்பு பாக்கெட்டைப் பார்த்த பிறகு, டிக்கெட், ரிசார்ட், பார்க்கிங் என்று ஆரம்பிப்பதிலும் எனக்கு இஷ்டமில்லை.

"பொம்பளப் பிள்ளைக்கு மலையடிவாரத்துல என்னட்டி சைக்கிள்?" என்று தெருவில் ஒரு ஆச்சி கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதில் புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் இருந்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் குவாரி குத்தகையே பெண்கள் குழுக்களுக்குக் கிடைத்தது. கல்லும் சைக்கிளும் பெண்ணும் அப்போதே ஒன்று சேர்ந்தாகிவிட்டது ஆச்சி, நான் புதுசாக ஒன்றும் கேட்கவில்லை என்றேன். "பாத்துப் போ" என்றாள்.

குவாரி வேண்டாம் என்றால் அப்பாவுக்குச் சோறு? இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எல்லாக் குவாரியையும் மூடு என்று நான் சொல்லவும் இல்லை, சொன்னால் என் வீட்டு அடுப்பு எரியாது. ஆனால் எந்தப் பாறையை உடைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு கோடு வேண்டும் அல்லவா? மதுரை அரிட்டாபட்டியை 2022-ல் அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. பிறகு அங்கே டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர் மக்கள் எழுந்து நின்றார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. நம் பாறைகளுக்கு எந்தப் பட்டியலிலாவது பேர் இருக்கிறதா? அதே 2022-ல் மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கி, நான்கு பேர் இறந்தார்கள். அந்த ராத்திரி அப்பா வேலை முடிந்து வரும்வரை அம்மா ஒரு பீடிகூடச் சுற்றவில்லை.

சின்ன வயதில் நாங்கள் ஏறி விளையாடிய பாறை ஒன்று இருந்தது. உளுந்து காயப்போடுவார்கள், நடுவில் சின்னச் சுனை. இப்போது அந்த இடத்தில் பாறை இல்லை, ஐம்பது அறுபது அடிப் பள்ளமும் பச்சைத் தண்ணீரும்தான். அதை உடைத்த ஆட்களில் அப்பாவும் ஒருவர்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். கோபிப்பார் என்று பயந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீ சொல்லுத பாதை நேரா போகாது பிள்ள. குளத்துக்கு மேக்க ஒரு பழைய வண்டித்தடம் உண்டு, எங்க அய்யா மாடு பத்திட்டுப் போவாரு. வெடி வைக்காத பாறை அந்தப் பக்கம் மூணு கிடக்கு. எனக்குத்தான் தெரியும்" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் வண்டியில் பின் டயர் ட்யூப் போயிருக்கிறது, மாற்ற வேண்டும். லெவல் எடுத்து வர யாராவது தயாரா? ஸ்டாஃப் நான் பிடிக்கிறேன்.