சரயேவோவின் பழைய நகரில் பிள்ளைகளோடு



ஐரோப்பியத் தலைநகர் ஒன்றின் பழைய நகர்ப்பகுதிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர்க்கு ஒரு கவலை எழுவது இயல்பு. கோட்டையும் கோபுரமும் பெரியவர்களுக்கு வியப்பளிக்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கோ அவை வெறும் கற்கள். அரை மணி நேரத்தில் கால் வலிக்கிறது என்னும், பசிக்கிறது என்னும். போஸ்னியா-ஹெர்சகோவினாவின் தலைநகரமாகிய சரயேவோவில் இக்கவலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை 1,425 நாட்கள் முற்றுகையில் கிடந்த நகரம் அது. அங்குள்ள சுவர்களில் குண்டுத் தழும்புகளை இன்றும் காணலாம். பிள்ளை அவற்றைச் சுட்டிக்காட்டி, "இது என்ன?" என்று கேட்டால் என்ன விடை சொல்வது? அனைத்தையும் சொன்னால் பிஞ்சு உள்ளம் அஞ்சும், அல்லது பகையை வளர்த்துக்கொள்ளும். மறைத்தாலோ பெற்றோரே பொய்யுரைத்தவராவர்.

இவ்விரு கவலைகளுக்கும் நாம் சுற்றிக்காட்டும் வரிசையிலேயே தீர்வு உண்டு. நகரைக் கட்டியவர்களின் கதையை முதலில் சொல்லுங்கள். அதைக் காத்தவர்களின் கதையை அடுத்துச் சொல்லுங்கள். அழித்தவர்களைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே வரட்டும். சரயேவோவின் பழைய நகர் சிறியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிள்ளைகளின் நடையிலேயே சென்றுவிடலாம். எனவே இவ்வரிசையைக் கடைப்பிடிப்பதில் சிரமம் ஒன்றுமில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

டிராம் வண்டியிலிருந்து இறங்கியதும் எதிரே தெரிவது பஷ்சர்ஷியா சதுக்கம். துருக்கிய மொழியில் 'தலைமைக் கடைவீதி' என்பது இப்பெயரின் பொருள். அதன் நடுவே மரவேலைப்பாடுகளுடன் ஒரு சிறு மண்டபம் நிற்கிறது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான புறாக்கள். பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிடுவார்கள்; ஓடட்டும். அம்மண்டபத்தின் பெயர் 'செபில்'. வழிப்போக்கர்க்கு இலவசமாகத் தண்ணீர் வழங்கும் இடத்தைக் குறிக்கும் 'ஸபீல்' என்ற அரபுச் சொல்லே அங்கு இவ்வாறு வழங்குகிறது. 1753-ஆம் ஆண்டில் ஆளுநர் மெஹ்மத் பாஷா குகாவிட்சா இங்கு ஒரு செபிலை அமைத்தார். அது தீக்கிரையான பின், ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சியில் எழுப்பப்பட்டதே இன்று நாம் காண்பது. இத்தண்ணீரை அருந்தியவர் மீண்டும் சரயேவோவுக்கு வருவார் என்பது ஊரார் நம்பிக்கை.

பிள்ளையின் கையில் ஒரு குவளையைக் கொடுத்து நீர் பிடிக்கச் சொல்லுங்கள். "யார் என்றே தெரியாத உனக்காக இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பு ஒருவர் செய்த ஏற்பாடு இது" என்று கூறுங்கள். நகரின் கதை பிள்ளையின் உள்ளத்தில் இந்த ஒரு குவளை நீரோடு தொடங்கட்டும்.

வக்ஃபு வளர்த்த நகரம்

சரயேவோவை நிறுவியவர் இஸா பேக் இஸ்ஹாகோவிச். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில், மில்யாட்ஸ்கா ஆற்றின் கரையில் பள்ளிவாசல், பாலம், பயணியர் விடுதி, குளியல் இல்லம் ஆகியவற்றை அமைத்து, அவற்றின் பராமரிப்புக்குக் கடைகளையும் மாவாலைகளையும் வக்ஃபு செய்தார். அவற்றைச் சுற்றியே ஊர் வளர்ந்தது.

அவருக்குப் பின் வந்த ஆளுநர்களில் புகழ் மிக்கவர் காஜி ஹுஸ்ரவ் பேக். 1530-இல் அவர் கட்டிய பள்ளிவாசல் கடைவீதியின் நடுவே ஓங்கி நிற்கிறது. முற்றத்தில் பெரு மர நிழலும், உளூச் செய்வதற்கான நீரூற்று மண்டபமும் உள்ளன. பார்வையாளர்க்கும் தொழுகைக்கும் தனித்தனி நேரங்கள் உண்டு. உள்ளே சென்று மேற்கூரையை அண்ணாந்து பார்க்கச் சொல்வதற்கு முன்பு, வெளியே நின்று ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். இந்த ஒரு மனிதரின் வக்ஃபில் என்னென்ன அடங்கியிருந்தன? பள்ளிவாசல், மத்ரஸா, நூலகம், ஏழைகளுக்கு உணவு சமைத்து வழங்கிய சமையற்கூடம், குளியல் இல்லம், கடைத்தெரு என விரல் மடக்கி எண்ணுவார்கள். பள்ளிவாசலுக்கு அருகே அக்காலத்தில் வழிப்போக்கர்க்காக அமைத்த கழிப்பிடம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. சிறு பிள்ளைகளுடன் செல்லும் தாய்மார்கள் அதன் அருமையை உடனே உணர்வார்கள்!

நூலகம் பிறந்த விதம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. 1537-இல் மத்ரஸாவுக்கான வக்ஃபுப் பத்திரத்தை எழுதியபோது, கட்டடச் செலவு போக எஞ்சும் பணத்தில் நூல்கள் வாங்க வேண்டும் என்று காஜி ஹுஸ்ரவ் பேக் பணித்தார். மீதிப் பணத்தில் தொடங்கிய அந்நூலகம் ஐந்நூறு ஆண்டுகளை நெருங்குகிறது.

சூரியன் மறைந்தால் பன்னிரண்டு

பள்ளிவாசலை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. அதன் கடிகாரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கைக்கடிகாரம் ஒரு நேரம் காட்ட, அது வேறொரு நேரம் காட்டும். பழுதன்று; அது பழைய துருக்கிய முறைக் கடிகாரம். சூரியன் மறையும் பொழுது அதில் மணி பன்னிரண்டு. மக்ரிபோடு ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் பிறக்கிறது என்ற கணக்கின்படி அது ஓடுகிறது. சூரியன் மறையும் நேரம் நாள்தோறும் சிறிது மாறுவதால், கடிகாரத்தையும் அடிக்கடி கையால் திருத்த வேண்டும். நேரம் கணிக்கும் அப்பணியாளரை 'முவக்கித்' என்பர். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் விளங்கும் புதிர் இது. மாலை வரை விடையைச் சொல்லாமல் வைத்திருந்து, பாங்கு ஒலிக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்குள் பசி வந்துவிடும். செம்புப் பாத்திரங்கள் தட்டும் ஓசை கேட்கும் கசன்ஜிலுக் சந்தைக் கடந்தால் உணவுக் கடைகள் நிறைய உள்ளன. 'செவாப்பி' என்பது விரல் அளவில் பிடித்துச் சுட்ட இறைச்சி. 'சொமுன்' என்ற தட்டை ரொட்டியில் வைத்து, நறுக்கிய வெங்காயத்துடன் தருவார்கள். இறைச்சி வேண்டாத பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு, கீரை, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய வகைகளும் உண்டு. ஆனால் அவற்றை 'புரெக்' என்று கேட்காதீர்கள். சரயேவோவில் இறைச்சி வைத்ததற்கு மட்டுமே அப்பெயர்!

பிடிவாதக்காரரின் வீடு

உணவுக்குப் பின் ஆற்றங்கரைக்கு வாருங்கள். வண்ணக் கோடுகளோடு அரண்மனை போல் நிற்கும் கட்டடம் 1896-இல் திறக்கப்பட்ட நகர மண்டபமாகிய வியேச்னிட்சா. அதற்கு நேர் எதிரே, ஆற்றின் மறுகரையில் ஒரு சிறு வீடு. அதன் பெயர் 'இனாத் குச்சா'. பிடிவாத வீடு என்று பொருள் கொள்ளலாம். மண்டபம் கட்டக் குறித்த இடத்தில் ஒரு முதியவரின் வீடு இருந்ததாம். அவர் இடத்தை விட்டுத்தர மறுத்தார். இறுதியில் ஒரு பை பொற்காசும், தம் வீட்டைக் கல் கல்லாகப் பெயர்த்து மறுகரையில் அப்படியே கட்டித் தருவதும் என்ற நிபந்தனையின் பேரில் இசைந்தார் என்று ஊரார் சொல்வர். பேரரசையே பணிய வைத்த தாத்தாவின் கதை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

சற்றுத் தள்ளி இருப்பது லத்தீன் பாலம். 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் நகர மண்டப வரவேற்பை முடித்துத் திரும்பியபின் இப்பாலத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். முதல் உலகப் போருக்கு அதுவே பொறியாயிற்று. பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்தது இங்கே ஒரு தெருமுனையாகக் காட்சி தருகிறது. அவ்விருவரும் மூன்று பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்பதையும் சொல்லுங்கள். கொலையின் கனம் அப்போதுதான் பிள்ளைகளுக்கு விளங்கும்.

காத்தவர்களின் கதை

வியேச்னிட்சா பின்னாளில் தேசிய நூலகமாயிற்று. 1992 ஆகஸ்ட் 25 இரவு, நகரைச் சூழ்ந்த மலைகளிலிருந்து போஸ்னிய செர்பியப் படையினர் அதன்மீது குண்டு பொழிந்தனர். பல லட்சம் நூல்கள் எரிந்து சாம்பலாயின. நூலகரும் ஊர் மக்களும் வரிசையாக நின்று கைக்குக் கை நூல்களை மாற்றி, இயன்றவற்றை மீட்டனர். அம்முயற்சியில் ஓர் இளம் பெண் நூலகர் உயிரிழந்தார். கட்டடம் செப்பனிடப்பட்டு 2014 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டது.

காஜி ஹுஸ்ரவ் பேக் நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகளோ தப்பின. இயக்குநர் முஸ்தஃபா யாஹிச்சும் அவருடைய தோழர்களும் ஏறத்தாழப் பத்தாயிரம் பிரதிகளை வாழைப்பழப் பெட்டிகளில் அடுக்கி, குண்டு மழைக்கிடையே இடம்விட்டு இடம் மாற்றிக் காத்தனர். 2014-இல் பள்ளிவாசலுக்கு அருகிலேயே நூலகத்துக்குப் புதிய கட்டடம் அமைந்தது.

காத்தவர்கள் தம்முடையதை மட்டும் காக்கவில்லை. கடைவீதியிலிருந்து சில நிமிட நடையில் பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும், கத்தோலிக்கப் பேராலயமும், இன்று யூத அருங்காட்சியகமாக விளங்கும் பழைய யூத ஆலயமும் இருக்கின்றன. அங்கு நிற்கையில் தர்விஷ் கோர்குத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் தேசிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய முஸ்லிம் நூலறிஞர். யூதர்கள் தம் பண்டிகையில் ஓதும் 'ஹகாதா' என்னும் பழம் பிரதி ஒன்று, பதினான்காம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதப்பட்டது, அவர் பொறுப்பில் இருந்தது. 1942-இல் நாஜிகள் கையில் அது சிக்காதபடி மறைத்துக் காத்தார். ஒரு யூதப் பெண்ணுக்கும் தம் இல்லத்தில் அடைக்கலம் தந்தார். பிறர் வேதனையில் நாம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

அழிவைப் பற்றிப் பேசும்போது

இனி அந்தக் கடினமான கேள்விக்கு வருவோம். நடைபாதையில் சில இடங்களில் சிவப்புப் பிசின் ஊற்றி நிரப்பிய பள்ளங்களைப் பிள்ளைகள் காண்பார்கள். பீரங்கிக் குண்டு விழுந்து மக்கள் மாண்ட இடங்கள் அவை. 'சரயேவோ ரோஜாக்கள்' என்பது அவற்றின் பெயர். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு, "இங்கே சிலர் இறந்தார்கள்; அவர்களை ஊர் மறக்கவில்லை" என்பது போதும். அது உண்மை, அவ்வயதுக்கு உரிய அளவும் அதுவே.

பத்து வயதைக் கடந்தவர்களைப் போர்க்கால இளமை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். யாஸ்மின்கோ ஹலிலோவிச் தம் தோழர்களோடு 2017-இல் திறந்தது அது. போரில் பிள்ளைகளாக இருந்தவர்கள் தந்த பொம்மைகள், உடைகள், நாட்குறிப்புகள் ஆகியவை, ஒவ்வொன்றைப் பற்றியும் அவர்களே சொன்ன சில வரிகளோடு அங்கு வைக்கப்பட்டுள்ளன. பிணங்களின் படங்களைக் காட்டி அச்சுறுத்தாமல், தன் வயதுப் பிள்ளை ஒன்று எதை இழந்தது, எதைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தது என்பதை உணர்த்துகிறது அவ்விடம். 2012-இல், முற்றுகை தொடங்கிய இருபதாம் ஆண்டில், நகரின் முதன்மைத் தெருவில் மாண்டவர்க்காக 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாக இட்டார்கள். அவற்றில் 643 நாற்காலிகள் சிறியவை. அவை பிள்ளைகளுக்கானவை.

"இதைச் செய்தவர்கள் செர்பியர்களா?" என்று பிள்ளை கேட்கலாம். குண்டு பொழிந்த படை அதுதான் என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் அங்கேயே நிறுத்திவிடவும் வேண்டாம். முற்றுகைக்குள் செர்பியர்களும் இருந்தார்கள், அவர்களும் பட்டினி கிடந்தார்கள், குண்டடிபட்டு மாண்டார்கள். செர்பிய இனத்தவரான தளபதி யோவன் திவியாக், சரயேவோவைக் காத்து நின்ற படையில் இருந்தார். போரில் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளின் கல்விக்காக 1994-இல் ஓர் அமைப்பை நிறுவி, 2021-இல் மறையும் வரை அதற்காக உழைத்தார். குற்றம் செய்தவரையும் ஓர் இனத்தையும் வேறு பிரித்துப் பார்க்கப் பிள்ளைகள் இங்கே கற்கவில்லை என்றால், நாம் அவர்களை அழைத்து வந்ததன் பயன் பாதியாகிவிடும்.

மாலை நேரத்தில்

நாளின் முடிவில் மஞ்சள் கொத்தளம் என்னும் பழைய அரண்மேட்டுக்கு ஏறுங்கள். பாதை செங்குத்தானது, கைக்குழந்தை வண்டி உதவாது, குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். வழியில் கோவாச்சி மையவாடி உள்ளது. போரில் மாண்டவர்களின் வெண்ணிற மீஸான் கற்கள் வரிசை வரிசையாக நிற்கும். அவர்களுக்காகத் துஆச் செய்துவிட்டு மேலே செல்லலாம். ரமளான் மாதமாயின், சூரியன் மறையும் கணத்தில் இம்மேட்டிலிருந்து பீரங்கி ஒலிக்கும். கீழே மினாராக்களில் விளக்குகள் எரியும். கருஞ்சீரகம் தூவிய சூடான சொமுனோடு வந்து அமர்ந்திருக்கும் குடும்பங்கள் நோன்பு திறப்பார்கள். மலைகளிலிருந்து குண்டுகள் பாய்ந்த அதே நகரில், பீரங்கி ஓசை இன்று பிள்ளைகளுக்கு உணவு நேரத்தை அறிவிக்கிறது.

விடுதிக்குத் திரும்பியதும் பிள்ளைகளிடம் தேர்வு எதுவும் வைக்க வேண்டாம். "உன்னால் முடிந்தால் வழிப்போக்கர்களுக்காக எதைக் கட்டி வைப்பாய்?" என்று மட்டும் கேளுங்கள். ஒன்று தண்ணீர்ப் பந்தல் என்னும். ஒன்று நூலகம் என்னும். சிறியது ஒருவேளை புறாக்களுக்கு வீடு என்னும். எதைச் சொன்னாலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியபின் அதில் இயன்ற ஒரு சிறு பங்கை அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள்.